நிற்கும் நாயும் பாயும் நாயும்: தென்தமிழகத்தில் நாயுருவம் பதித்த கலையின் வரலாறு

மதுரை நகரின் வடமேற்கு விளிம்பில், வைகைக்கு வடபுறமாகத் திண்டுக்கல் சாலையை ஒட்டி அமைந்த பரவை, இன்று காய்கறிச் சந்தையால் பெயர் பெற்ற பேரூராட்சியாக இருப்பினும், அதைச் சுற்றியுள்ள வயல்களும் கண்மாய்க் கரைகளும், அவற்றுக்குத் தெற்கே கரிசலும் செவ்வலுமாக விரியும் மேட்டு நிலங்களும், மனிதனும் நாயும் சேர்ந்து உழைத்த நீண்டதொரு வாழ்க்கைமுறைக்குக் களமாக இருந்தவை. இச்சமவெளிக்கு மேற்கே மலையடிவாரத்துக் கோம்பையும், தென்மேற்கே இராசபாளையமும், தெற்கே கரிசல்காட்டுச் சிப்பிப்பாறையும் தத்தம் பெயரையே நாயினங்களுக்குத் தந்த ஊர்கள். கன்னி எனப்படும் மெலிந்த உடல்வாகுடைய வேட்டை நாயும் இதே தென்பகுதிக்கு உரியது. இத்தனை வகை நாய்களைப் பேணி வளர்த்த நிலம் அவற்றின் உருவத்தை எவ்வாறு கண்டது, கல்லிலும் மண்ணிலும் பின்னர் ஒளிப்படத்திலும் அதை எவ்வாறு பதித்தது என்பது தனியே எழுதத்தக்க வரலாறு. நாயை ஒளிப்படம் எடுப்பவர் தமக்கென ஒரு பாணியைத் தேடும்போது எவற்றின் மேல் நின்று தேடுகிறார் என்பதை அந்த வரலாறே விளக்குகிறது.

தனிப்பாணி என்பது விலையுயர்ந்த கருவியாலோ, எடுத்த பிறகு கணினியில் செய்யும் வண்ணத் திருத்தத்தாலோ வருவது என்னும் எண்ணம் இன்று பரவலாக உள்ளது. நாயைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரிதும் பிழையானது. நாய் சொன்னபடி நெடுநேரம் நிற்கும் உயிரன்று. மனிதனின் முழங்கால் உயரத்தில் தன் உலகைக் காண்பது. ஓடும்போது ஒரு வடிவமும் காத்திருக்கும்போது வேறொரு வடிவமும் கொள்வது. ஆகவே அதன் உருவைப் பதிக்க முனையும் எவரும், கல்தச்சராயினும் ஒளிப்படக் கலைஞராயினும், முதலில் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும்: எந்தக் கணத்தைப் பதிப்பது என்பது ஒன்று, எந்தக் கண்மட்டத்திலிருந்து, அதாவது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, பார்ப்பது என்பது மற்றொன்று. பாணி என்று பின்னர் அறியப்படுவது இவ்விரு முடிவுகளின் தொடர்ச்சியே.

இவற்றுள் முதல் முடிவை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் பழைய தமிழ்ச் சான்று, திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் ஆகும். போரிலோ, ஆநிரை கவர வந்தோரை எதிர்த்தோ உயிர்நீத்த வீரனின் நினைவாக அவன் உருவம் பொறித்து நாட்டப்படும் கல்லே நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததும், எனவே 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியதுமான இக்கல்லில், எருமைகளைக் காக்கும் போரில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. வீரனுக்குரிய கல்வெட்டோடு நில்லாமல், நாய்க்கெனத் தனியே ஒரு கல்வெட்டும் பொறிக்கப்பட்டு, கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்வர் இருவரைக் கடித்தபின் அது காத்து நின்ற செய்தியும் பதிவாகியுள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுதியால் இவ்வட்டாரக் கற்கள் அறிஞர் பலரின் கவனத்துக்கு வந்தன. ஒரு விலங்கின் பெயரும் செயலும் அதன் உருவத்துக்கு அருகிலேயே எழுதப்படுவது, அது ஓர் இனத்தின் மாதிரியாக அன்றி ஒரு தனி உயிராக எண்ணப்பட்டதைக் காட்டுகிறது. அதனினும் முக்கியமானது அச்செய்தி முடியும் இடம். கள்வரைக் கடித்தது பெருஞ்செயலே எனினும், கல்வெட்டு அதனோடு முடியாமல், இறந்த தலைவனின் அருகே நாய் காத்திருந்ததில் போய் முடிகிறது. செயல் ஓய்ந்தபின் வரும் நிலையைத் தேர்ந்த இந்தக் கல்லை, நாயுருவக் கலையில் தமிழகம் அறிந்த மிக உயர்ந்த தேர்வுகளில் ஒன்றாகக் கருதலாம்.

இதற்கு நேர் எதிரான தேர்வைக் கன்னட நாட்டு ஆதகூர்க் கல் காட்டுகிறது. இன்றைய மாண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூரில் கிடைத்த இக்கல், சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட தக்கோலப் போரைக் குறிப்பிடுவதால் தமிழக வரலாற்று மாணவர் நன்கறிந்தது. 949ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் அப்போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக, மணலேரன் என்னும் வீரன் தன் தலைவனான கங்க மன்னன் பூதுகனிடம் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, இரண்டும் ஒருங்கே இறந்தன. அதன் நினைவாக எழுப்பிய கல்லில் பன்றியும் நாயும் மோதும் காட்சியே செதுக்கப்பட்டது. எடுத்தனூரில் காத்திருப்பும் ஆதகூரில் மோதலும் பொருளாயின. வேட்டை நாயை ஒளிப்படம் எடுக்கும் இன்றைய கலைஞரும் இந்த இரண்டில் ஒன்றன் பக்கமாகவே சாய்கிறார்.

சிவன் கோயில்களில் பெரும்பாலும் வடகிழக்கு மூலையில் காணப்படும் பைரவர் திருவுருவங்களில் நாய் வேறொரு விதிக்குள் வருகிறது. நேர்நோக்கி நிற்கும் இறைவனின் பின்னால் நாய் குறுக்காக, பக்கத்தோற்றத்தில் நிறுத்தப்படுகிறது. பக்கத்தோற்றம் என்பது முகம் முதல் வால் வரை உடலின் ஒரு பக்கம் முழுவதும் தெரியும் நிலை. நாயின் உடலமைப்பை ஒரே பார்வையில் அறியச் செய்வது இதுவே: ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு, வளைந்த முதுகு, வாலின் சுருள் ஆகிய எதுவும் நேர்த்தோற்றத்தில் இவ்வளவு தெளிவாகப் புலப்படாது. எனினும், நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டதனால் அத்தோற்றம் ஒரு வழக்கமாக இறுகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

மதுரைப் பகுதிக் கிராமங்களில் இவ்வழக்கத்தை நெகிழ்த்தியவர்கள் வேளார்கள். ஐயனார், கருப்பசாமி முதலிய காவல் தெய்வங்களுக்கு மண்ணுருவம் செய்வதோடு, பல கோயில்களில் பூசாரிகளாகவும் விளங்கும் இக்குயவர் மரபை ஆராய்ந்த ஸ்டீபன் இங்கிலிஸின் நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980இல் வெளியிட்டது. குதிரைகளே இவர்களின் பெருமைக்குரிய படைப்புகளாயினும், கருப்பசாமிக்குத் துணைவரும் நாயும் அவர்கள் கையில் உருவானது. ஈர மண்ணில் வேட்டை நாயின் ஈர்க்குப் போன்ற கால்களை நிறுத்த இயலாததால், கால் தடித்து, உடல் திரண்டு, தலை நிமிர்ந்த ஒரு நாய் பிறந்தது. கண்ணும் நாக்கும் வண்ணத்தால் பெரிதாக்கப்பட்டன. உண்மையான உடலளவுகளிலிருந்து வெகுதூரம் விலகியும், இருட்டில் ஊரெல்லையைக் காக்கும் விலங்கின் அச்சுறுத்தும் தன்மையை அது விடாது பற்றிக்கொண்டது. ஊடகத்தின் குறையைத் தன் பாணிக்கு உரமாக்கிக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

ஒளிப்படக் கருவி மதுரைக்கு வந்தபோது நாய்க்கு அதில் இடமில்லாமல் போயிற்று. சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் உள்ளிட்ட இடங்களைப் பதிவு செய்தார். அவர் பெரிதும் பயன்படுத்திய மெழுகூட்டிய தாள் எதிர்ப்படத்துக்கு, அதாவது ஒளியும் நிழலும் இடம்மாறிப் பதியும் முதற்படிக்கு, மூடியைத் திறந்து நிமிடக் கணக்கில் ஒளியை உள்ளே விட வேண்டியிருந்தது. அந்நேரத்தில் தெருவைக் கடந்த மனிதரும் மாடும் நாயும் ஒன்று மங்கலான கறையாயினர், அல்லது தடமின்றி மறைந்தனர். அக்காலப் படங்களில் மதுரை ஆளரவமற்ற கல்நகரமாகத் தோன்றுவதற்குக் காரணம் நகரம் அன்று, வேதிப்பொருளின் மெத்தனமே. அந்தத் தடைக்குள்ளும் டிரைப் தமக்கென ஒரு பாணியை வகுத்துக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. அன்றைய வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மிகுதியாக இசைந்து வானத்தை வெறும் வெளுப்பாக்கியதால், எதிர்ப்படத்தின் மேல் தூரிகையால் முகில்களைத் தீட்டிச் சேர்த்தார். கட்டடத்தின் எடையும் வெளியின் விரிவும் ஒன்றையொன்று தாங்கும்படி கருவியின் இடத்தைத் தேர்ந்தார்.

1871இல் ரிச்சர்டு மேடக்ஸ் அறிவித்த ஜெலட்டின் உலர்தகடு, அடுத்த பத்தாண்டுகளில் தொழிற்சாலைப் பொருளாகி, ஒளியேற்ற நேரத்தை நொடியின் சிறு பகுதியாகக் குறைத்தது. 1887இல் வெளிவந்த எட்வர்டு மைபிரிட்ஜின் 781 தகடுகள் கொண்ட விலங்கியக்கத் தொகுதியில் ஓடும் வேட்டை நாயும் இடம்பெற்றது; கிரேஹவுண்டு போன்ற மெல்லுடல் நாய் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை, கால்களை முழுக்க நீட்டியபோது ஒருமுறையும் வயிற்றடியில் மடக்கியபோது மறுமுறையும், தரையை முற்றிலும் விட்டெழுகிறது என்பது இத்தகைய படங்களால் கண்ணுக்குத் தெரிந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் இதே வகைப் பாய்ச்சலுடையவை. ஆயினும் தென்னிந்தியாவில் இந்த வாய்ப்பு நெடுங்காலம் பயன்படவில்லை. ஆங்கிலேயர் பாளையக்காரர் நாய் எனப் பெயரிட்டு அழைத்த தென்னாட்டு வேட்டை நாய்களுக்கு, வேட்டை முடிந்தபின் எடுக்கும் குழுப்படங்களே கிடைத்த இடம். துப்பாக்கி பிடித்த துரையோ சமீன்தாரோ நடுவில் இருக்க, நாய் காலடியில், பெயரின்றி, பெரும்பாலும் அசைந்து மங்கிய தலையோடு காணப்பட்டது. அக்காலத் தகடுகளுக்குச் செந்நிறம் புலப்படாமையால் கோம்பை நாயின் செம்பழுப்புத் தோல் அவற்றில் கரும்படலமாகவே பதியும். அதன் முகத்தின் கருமையும் உடலின் சிவப்பும் வேறுபடாமல் ஒன்றாகிவிடும். எல்லா நிறங்களுக்கும் இசைந்த பான்குரோமாட்டிக் படச்சுருள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவிய பிறகே அந்த நாயின் முகம் சாம்பல் நிறச் சாயல்களில் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது.

தமிழரிடையே விலங்கை ஒளிப்படம் எடுப்பதற்கென ஒரு தனிப்பாணி முழுமையாக வளர்ந்தது மா. கிருஷ்ணனிடம் எனலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அவர், காட்டு விலங்குகளையே பெரிதும் படமெடுத்தார் எனினும், வீட்டுவிலங்குகளும் அவருடைய எழுத்துக்குப் பொருளாயின. ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் இறுதிவரை அவர் எழுதிய பத்தி அதற்குச் சான்று. கருப்பு வெள்ளைப் படமே அவர் தேர்ந்தது. வெவ்வேறு கருவிகளின் பகுதிகளைத் தாமே பொருத்தி அமைத்த கனமான கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். விலங்கின் முகத்தை மட்டும் நெருக்கமாக வெட்டியெடுப்பதைவிட, அது நிற்கும் புல்லையும் பாறையையும் மரத்தையும் சேர்த்துக் காட்டுவதே அவர் படங்களின் இயல்பு. விலங்கு தன் நிலத்தை விட்டுப் பிரிக்க இயலாதது என்னும் இயற்கையியல் கொள்கை அங்கே படச்சட்டத்தின் அளவாகவே மாறியிருந்தது. வண்ணத்தைத் துறந்ததால் உடலின் திரட்சியும் ஒளியின் திசையும் முன்னுக்கு வந்தன. கொள்கையிலிருந்து பாணி பிறக்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் அவருக்கு இணையான எடுத்துக்காட்டு அரிது. நாட்டு நாயைப் படமெடுப்போர், அது காட்டு விலங்கன்று என்பதற்காக அவரைக் கற்காமல் விடுவது பேரிழப்பு.

உலகின் பிற பகுதிகளில் இதே காலத்தில் இருவர் நாயையே தம் கலைக்கு மையமாக்கினர். அமெரிக்கரான வில்லியம் வெக்மன், 1970 முதல் தம் வைமரானர் இன நாய் மான் ரேயையும் அதன் பின்வந்த நாய்களையும் கூடத்துக்குள் நிறுத்தி, உடையும் பாவனையும் தந்து படமெடுத்தார். மேக்னம் என்னும் ஒளிப்படக் கலைஞர் குழுவைச் சேர்ந்த எலியட் எர்விட் தெருவுக்கு இறங்கினார். 1974இல் நியூயார்க்கில் அவர் எடுத்த படத்தில், சிறிய சிவாவா நாய் ஒன்றின் முழு உருவமும், அதன் அருகே ஒரு பெண்ணின் காலணிகளும், ஒரு பெருநாயின் கால்களும் மட்டுமே தெரிகின்றன. கண்மட்டத்தைத் தரைவரை தாழ்த்திய அந்த ஒரே முடிவால் மனிதர் காலளவில் நின்றுவிட, நாய் முழு ஆளுமையோடு எழுந்து நின்றது. தென்தமிழகச் சூழலுக்கு வெக்மனின் வழியைவிட எர்விட்டின் வழியே பொருந்துவது. இங்கே நாய் கூடத்துக்குள் அடங்கியதன்று, வாசலும் களமும் வரப்பும் அதன் இடங்கள்.

தென்னாட்டு வேட்டை நாயின் உருவப்பதிவு வரலாற்றில் பெரிய திருப்பம் கலையிலிருந்து வரவில்லை, சட்டத்திலிருந்து வந்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டை உள்ளிட்ட வேட்டைகளுக்கு முதலில் கட்டுப்பாடும், பின்வந்த திருத்தத்தால் தடையும் விதித்ததால், எந்தப் பணிக்காகச் சிப்பிப்பாறையும் கன்னியும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டனவோ அந்தப் பணி சட்டப்படி முடிவுக்கு வந்தது. அத்தடை தேவையானதே. ஆனால் நாயின் தரத்தை வேட்டைக் களத்தில் காட்டிய காலம் போய், கண்காட்சியிலும் படத்திலும் காட்ட வேண்டிய காலம் வந்தது. பின்னங்கால்களைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, ஒரு கை தாடையையும் மறுகை வாலையும் தூக்கிப்பிடிக்க, சுவர் ஓரமாகப் பக்கத்தோற்றத்தில் எடுக்கப்படும் படமே நாட்டு நாய் வளர்ப்போரிடையே பொதுவடிவமாயிற்று. வாங்குபவர் மார்பின் ஆழத்தையும் காலின் நேர்மையையும் அறிய அது போதுமானது. பயனுள்ள ஆவணமென அதற்குரிய மதிப்பை மறுக்க இயலாது. ஆயினும் அதில் நாய் எப்போதும் பிடிக்கப்பட்டே இருக்கிறது. அதன் கண் எதையும் நோக்குவதில்லை. அது ஓடிய நிலம் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இந்திய அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நாயின அஞ்சல்தலைகளுள் இராசபாளையம் இடம்பெற்றதும், சூழலியல் எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாய்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டதும், அதே ஆண்டின் தொடக்கத்தில் சல்லிக்கட்டுக்காக எழுந்த போராட்டத்தையொட்டி நாட்டு இனங்கள் பற்றிய பேச்சு வலுத்ததும் பொதுமக்கள் பார்வையை மாற்றின. எனினும் நாயைப் பார்க்கும் கோணத்தை ஆழமாக மாற்றியது 2018இல் வெளிவந்த மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் திரைப்படமே. அதில் கருப்பி என்னும் வேட்டை நாய், சாதிவெறியால் தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கொல்லப்படுகிறது. பின்னர் நாயகனின் மனவெளியில் நீலமேனியோடு திரும்ப வருகிறது. பெயரோடும் உறவோடும் இழப்போடும் காட்டப்பட்டதால், வறண்ட நிலத்தில் ஓடும் அதன் மெலிந்த கரிய உடல், இனத்தின் தரத்தைச் சொல்லும் உருவமாக இன்றி, ஒடுக்கப்பட்ட மக்களின் அன்புக்கும் துயருக்கும் உரிய உருவமாக நிலைத்தது.

இன்றைய கருவிகள் முன்னோரின் தடைகள் பலவற்றை நீக்கியுள்ளன. 2019 முதல் சில கருவிகள் விலங்கின் கண்ணைத் தாமாகவே கண்டறிந்து அதன்மீது தெளிவைக் குவிக்கின்றன. எனவே கண் கூர்மையாகப் பதிவது இனித் தனித்திறமையின் அடையாளமாகாது. ஆனால் கருவி தவறும் இடங்கள் இன்னும் உள்ளன. கருவிக்குள் இருக்கும் ஒளிமானி, தான் காண்பது முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே ஒளியளவைக் கணிப்பதால், படச்சட்டத்தை நிறைத்து நிற்கும் வெண்ணிற இராசபாளையத்தை அழுக்கேறிய சாம்பலாகவும், கருநிறக் கன்னியை வெளிறிய சாம்பலாகவும் காட்டிவிடும். முன்னதற்கு ஒளியைக் கூட்டியும் பின்னதற்குக் குறைத்தும் கலைஞரே திருத்த வேண்டும். பரவைப் பகுதி வயல்களில் அறுவடைக்குப் பிந்தைய தாள்நிலத்தின் மஞ்சளில் செவலை நாய் கலந்து மறைவதும், வற்றிய கண்மாயின் கரும்படுகையில் அதே நாய் சுடர்போல் தனித்து நிற்பதும், உச்சிவெயிலில் வெள்ளை நாயின் முதுகில் மயிரின் சாயல்கள் முற்றும் வெளுத்துவிடுவதும் நிலத்தோடு பழகியவர் மட்டுமே முன்கூட்டி அறியக்கூடியவை. எந்த நாயை, எந்த மண்ணில், எந்த வேளையில் எடுப்பது என்னும் இந்தத் தேர்வில்தான் ஒருவருடைய படம் மற்றவருடையதிலிருந்து பிரிகிறது.

இனப்பெயர் பெற்ற நாய்கள் இவ்வளவு கவனம் பெற்ற பின்னும், இச்சமவெளியின் பெரும்பகுதி வேலையைச் செய்யும் பெயரற்ற நாட்டு நாய் கலையின் பார்வைக்கு முழுமையாக வரவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை, அதாவது இரவில் ஆட்டு மந்தையை வயலிலேயே அடைத்துவைக்கும் வழக்கம், தென்மாவட்டங்களில் இன்றும் உள்ளது. மந்தையோடு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகளின் நாய்கள் அங்கே இரவெல்லாம் விழித்துக் கிடக்கின்றன. நிமிடக் கணக்கில் ஒளி தேவைப்பட்ட டிரைப்பின் தாளால் பகலில்கூட அந்த நாய்களைப் பதிக்க இயலாது. அந்திக்குப் பிந்தைய மங்கலான வெளிச்சத்திலும் அசைவைப் பிடிக்கும் இன்றைய உணரிகளுக்கு அது எளிது. கீதாரியோடும் கிடையோடும் அவற்றை முழங்கால் மட்டத்திலிருந்து, பல இரவுகள் உடன் தங்கிப் பதிவு செய்யும் பணியை மதுரைப் பகுதி ஒளிப்படக் கலைஞர்கள் முறையாக மேற்கொள்ள வேண்டும். கிடைபோடும் வழக்கமே ஆண்டுக்காண்டு சுருங்கிவருவதால் அதற்கு அதிகக் காலம் இல்லை.